4294967297 பகா எண் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் பெரிய எண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. எண்களுக்காக அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கட்டுரையாளர் 4294967297 என்ற எண்ணை, அதாவது நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழை, எடுத்துக்கொண்டு அதன் சிறப்புகள் என்று சிலவற்றைக் கூறி, முடிவில் அது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. அந்த எண் 641-ஆல் வகுபடும், ஈவு 6700417. வகுத்தலில் நம்பிக்கை இல்லாதவர்கள் பெருக்கிப் பார்க்கலாம்: 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200, 40-ஆல் பெருக்கினால் 268016680, இவற்றோடு 6700417-ஐ ஒரு முறை சேர்த்துக் கூட்டினால் 4294967297.

இந்த அளவோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் தவறு நேர்ந்த வழி, தவறைவிடக் கவனத்துக்குரியது. கட்டுரையாளர் இரண்டு காரணங்களைச் சொல்கிறார். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இவை 2-இன் அடுக்காக முறையே 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, வரும் விடையோடு 1 கூட்டினால் கிடைப்பவை. அடுத்து அடுக்கு 32 என்று வைத்தால் நம் எண் வருகிறது. ஆகவே அதுவும் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. 100 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தும் மீதியின்றி வரவில்லை என்பது இரண்டாவது. 100 வரை உள்ள பகா எண்கள் 25 மட்டுமே. நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒரு மயிரிழை தாண்டியது. அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. எந்தக் குறுக்குவழியும் இல்லாமல் இதைப் பகா எண் என்று சொல்ல வேண்டுமானால், அத்தனையாலும் வகுத்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும். 641 என்பது 116-ஆவது பகா எண். 25-இல் நின்றுவிட்டவர் இன்னும் 91 வகுத்தல்கள் செய்திருந்தால் அதை எட்டியிருப்பார்.

கட்டுரையாளரை ஏளனம் செய்வது என் நோக்கம் அன்று. இதே இடத்தில் சறுக்கியவர் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. 1640-இல் எழுதிய கடிதத்தில் இந்த வரிசையிலுள்ள எண்கள் யாவும் பகா எண்கள் என்று தாம் நம்புவதாகச் சொல்லி, அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். 1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் அந்த நம்பிக்கையைக் குறித்துக் கணித மேதை ஆய்லருக்கு எழுதிக் கேட்க, 1732-இல் ஆய்லர் 641 என்ற காரணியை எடுத்து வைத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்திருந்த நம்பிக்கை ஒரே வகுத்தலில் தீர்ந்தது. கட்டுரையாளர் ஃபெர்மாவின் நம்பிக்கையை எங்கோ படித்துவிட்டு ஆய்லர் வரை போகாமல் நின்றுவிட்டார் போலும்.

641-ஐ ஆய்லர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. ஒரு பகா எண் நம் எண்ணை வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2-இன் 32-ஆம் அடுக்கை அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி −1 என்று கொள்ளலாம், அதாவது மீதியின்றி வகுபட 1 குறைகிறது. அதன் வர்க்கமாகிய 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. 64-க்கு முன்னால் எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது. ஏனெனில் 1 வரும் மிகச் சிறிய அடுக்கு 64-இன் காரணியாக இருந்தாக வேண்டும், அது 64-ஐவிடச் சிறியதாக இருந்தால் 32-இலேயே மீதி 1 வந்திருக்கும். மறுபுறம், எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை 2-க்கு அடுக்காக வைத்தால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். இது ஃபெர்மாவின் சிறு தேற்றமே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காரணியாக வரக்கூடிய பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது 64-ஆல் வகுபட வேண்டும். ஆகவே சோதிக்க வேண்டியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும் வரிசை மட்டுமே. இவற்றில் 193, 257, 449, 577, 641 ஆகியவையே பகா எண்கள். ஐந்தாவது வகுத்தலில் விடை கிடைத்துவிடுகிறது.

1878-இல் லூக்கா இந்த நிபந்தனையை மேலும் இறுக்கினார்: 64 மட்டுமல்ல, 128-ஆலேயே வகுபட வேண்டும். அப்போது 193, 449, 577 மூன்றும் கழிந்து, 257-உம் 641-உமே மிஞ்சுகின்றன. 257-ஐயும் விட்டுவிடலாம் என்பதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதாவது, தெரிந்து தேடுகிறவருக்கு முதல் வகுத்தலே போதும். இங்கே எனக்கு நெடுநாளாக ஒரு வியப்பு. இதே வகைச் சல்லடையைப் பயன்படுத்தித்தான் அதே 1640-இல் ஃபெர்மா 2-இன் 37-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு 223 என்ற காரணியைக் கண்டார். கையில் அந்தக் கருவியை வைத்திருந்தவர் ஐந்து வகுத்தல்களில் 641-ஐப் பிடித்திருக்க வேண்டும். ஏதோ ஒரு வகுத்தலில் கை தவறியிருக்கும் என்பது என் ஊகம். பெரிய மனிதர்களுக்கும் கழித்தலில் கடன் வாங்க மறந்துபோகும்.

வகுத்தலே செய்யாமல் 641 காரணி என்பதைக் காட்டும் வழியும் உண்டு. அதைக் கரும்பலகையில் நான்கு வரிகளில் முடித்துவிடலாம். 641-ஐ இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒன்று 640 + 1. இதில் 640 என்பது 5-ஐ, 2-இன் 7-ஆம் அடுக்காகிய 128-ஆல் பெருக்கியது. மற்றொன்று 625 + 16. அதாவது 5-இன் 4-ஆம் அடுக்கும் 2-இன் 4-ஆம் அடுக்கும் சேர்ந்தது. இனி எல்லாவற்றையும் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் கவனிப்போம். 640-க்கு மீதி −1. அதை 4-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அந்த 4-ஆம் அடுக்கு என்பது 625-ஐ, 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதே. 625-க்கு மீதி −16 என்பதால் 625 இருக்கும் இடத்தில் −16-ஐ வைக்கலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு. 28-ஓடு 4 சேர்ந்து 32 ஆகிறது. ஆகவே 2-இன் 32-ஆம் அடுக்குக்கு எதிர்க்குறி இட்டால் மீதி 1. குறியை மாற்றினால் மீதி −1. அதோடு 1-ஐக் கூட்டினால் மீதி 0. பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட எழுதாமல் வேலை முடிந்துவிட்டது.

ஈவாக வந்த 6700417 மேலும் உடையுமா என்ற கேள்வி எழும். அதை உடைக்கும் எந்தப் பகா எண்ணும் மூல எண்ணையும் உடைக்கும். எனவே அதற்கும் 128-இன் நிபந்தனை பொருந்தும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில். அதுவரை நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. 257-ஐ ஒதுக்கிவிட்டால் மற்ற நான்கும் தரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக 6700417 பகா எண். நான்கே வகுத்தல்களில் ஏழு இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று உறுதி செய்யும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை.

257-ஐ ஏன் ஒதுக்கலாம்? நம் எண்ணின் அண்டை வீட்டாரைப் பார்த்தால் தெரியும். 4294967296 என்பது வெறும் 2-களின் பெருக்கம்; முப்பத்திரண்டு இருமங்கள் (பிட்கள்) கொண்ட ஓர் இடத்தில் கணினியால் வேறுபடுத்தி எழுதக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை அது. அதற்கு ஒன்று முந்திய 4294967295, மேலே சொன்ன 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தின் பெருக்குத்தொகை. ஆகவே நம் எண் என்பது அந்தப் பெருக்குத்தொகையோடு 2-ஐக் கூட்டியது. அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2 தான் வரும். ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும் மூன்று எண்களில் ஒன்று ஐந்து வெவ்வேறு பகா எண்களாகவும், நடுவிலுள்ளது முழுக்க முழுக்க 2-களாகவும், மூன்றாவது இரண்டே பகா எண்களாகவும் பிரிகின்றன. கட்டுரையாளர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் எழுத நிறையக் கிடைத்திருக்கும். 1796-இல் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். ஒற்றை எண்ணிக்கையில் பக்கங்களைக் கொண்டு அவ்வாறு வரைய முடியும் என்று இன்று தெரிந்த பலகோணங்கள் 31. 4294967295-இன் 32 காரணிகளில் 1 நீங்கலாக மற்றவையே அந்த 31 பக்க எண்ணிக்கைகள்.

இனி, சிறப்புகள் என்று கட்டுரை பட்டியலிட்டவற்றுக்கு வருகிறேன். இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, அதுவும் ஒரு பகா எண் என்பது முதலில் நிற்கிறது. இது எண்ணின் பண்பு அன்று, நாம் அதைப் பத்தின் அடிப்படையில் எழுதும் முறையின் விளைவு. இதே எண்ணை இரும முறையில் எழுதினால் ஒரு 1, அடுத்து முப்பத்தொரு சுழியங்கள், இறுதியில் ஒரு 1. இலக்கங்களின் கூட்டுத்தொகை 2. பதினாறின் அடிப்படையில் எழுதினால் 1, ஏழு சுழியங்கள், 1. எழுதும் முறை மாறினால் 59 மறைந்துவிடுகிறது, 641 மறையாது. கடைசி இலக்கம் 7 என்பதும் எழுத்து முறையைச் சார்ந்ததே என்றாலும், அதற்காவது ஒரு காரணம் உண்டு: 16-இன் எந்த அடுக்கும் 6-இல் முடியும், அதோடு 1 கூடினால் 7, அதனால்தான் 17, 257, 65537 எல்லாம் 7-இல் முடிகின்றன. 59 பகா எண்ணாக அமைந்ததோ வெறும் தற்செயல். இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியது, காரணமுள்ள செய்தியையும் காரணமற்ற செய்தியையும் மாணவர் பிரித்தறிய முடியாமல் செய்துவிடுகிறது.

இந்த எண்ணுக்கு உண்மையாகவே உரிய பண்பு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இது ஒரு போலிப் பகா எண் என்பதைச் சொல்வேன். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைத் திருப்பிப் போட்டு, ஓர் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து 2-க்கு அடுக்காக வைத்து, அந்த எண்ணாலேயே வகுத்து மீதி 1 வந்தால் அது பகா எண் என்று கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலும் சரியான விடையே தரும். நம் எண்ணாலேயே வகுத்தாலும், முன்பு அதன் பகாக் காரணிக்குக் கண்டதுபோலவே, 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1, 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. ஒன்று குறைந்த எண்ணாகிய 4294967296, 64-இன் மடங்கு. எனவே மீதி 1 வந்தே தீரும். 641-ஆல் உடையும் எண் பகா எண்ணின் வேடத்தில் சோதனையைத் தாண்டிவிடுகிறது. 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்து, 32 முறை வர்க்கப்படுத்தி ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், இறுதியில் 1 வருவதற்குப் பதிலாக 3029026160 வந்து வேடம் கலைகிறது. ஒரு காரணியைக்கூடக் காட்டாமலே பகு எண் என்று தீர்ப்பளிக்கும் இந்த முறைக்கு இவ்வரிசை எண்களுக்கென்றே 1877-இல் பெப்பின் துல்லியமான வடிவம் தந்தார்.

காரணியைக் காட்டாமல் பகு எண் என்று சொல்லும் இன்னொரு வழியை ஆய்லரே பின்னர்ப் பயன்படுத்தினார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 4-ஆல் வகுக்க மீதி 1 தரும் ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு. நம் எண்ணுக்கு ஒரு வழி வெளிப்படை: 65536-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும். இரண்டாவது வழியும் இருக்கிறது. 62264-இன் வர்க்கம் 3876805696, 20449-இன் வர்க்கம் 418161601, கூட்டினால் 4294967297. இரண்டு வழிகள் இருப்பதாலேயே அது பகா எண் ஆக முடியாது. அதோடு நிற்காமல் காரணியையும் இவற்றிலிருந்தே பிழிந்தெடுக்கலாம். 65536-க்கும் 62264-க்கும் உள்ள வேறுபாடு 3272. 20449-ஓடு 1-ஐக் கூட்டினால் 20450. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 818. அதனால் வகுத்தால் கிடைப்பவை 4-உம் 25-உம். அவற்றின் வர்க்கங்கள் 16-உம் 625-உம், கூட்டினால் 641. கரும்பலகைக் கணக்கில் நாம் 641-ஐ உடைத்த அதே 625 + 16 வேறொரு வாசல் வழியாக வந்து நிற்கிறது. 6700417-உம் இப்படியே 2556, 409 ஆகியவற்றின் வர்க்கங்களாகப் பிரிகிறது.

மனக்கணக்கில் வல்ல செரா கோல்பர்ன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் 1812-இல் இலண்டனில் இதே எண்ணைக் கொடுத்தபோது அவன் எழுதிப் பார்க்காமலே இரண்டு காரணிகளையும் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்குத் தாளும் பேனாவும் வேண்டும்.

வரிசையில் அடுத்து வரும் எண்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அடுக்கு 64 என்று வைத்தால் வருவது 18446744073709551617; 1880-இல் லாண்ட்ரி அதற்கு 274177 என்ற காரணியைக் கண்டார். அடுக்கு 128 என்று வைத்தால் வரும் 39 இலக்க எண்ணை மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினியின் உதவியால் 1970-இல்தான் காரணிப்படுத்தினர். 65537-க்கு அப்பால் இவ்வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. ஐந்து முறை சரியாக வந்ததைக் கொண்டு ஆறாவதையும் நம்பிய கட்டுரையாளர், இனி வருபவை எல்லாம் பகு எண்களே என்று அதே முறையில் எழுதிவிடக் கூடாது. அதற்கும் நிரூபணம் கிடையாது.

வரும் இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறும், ‘பகா எண் என்பதற்குப் பதிலாகப் பகு எண் என்று திருத்தி வாசிக்கவும்’ என்ற ஒற்றை வரியாக அதைச் சுருக்கிவிடாமல், 641-ஐக் கண்டடையும் அந்த ஐந்து வகுத்தல்களையேனும் அச்சிடுமாறும் வேண்டுகிறேன். மெய்ப்புத் திருத்துபவருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 6700417-இன் இடையிலுள்ள இரண்டு சுழியங்களில் ஒன்று அச்சில் விடுபட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கடைசி இலக்கத்தைப் பார்த்தால் பிழை தெரியாது. அப்போதும் 7 தான். இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சரிபார்த்தாலும் தெரியாது. சுழியம் போனதைக் கூட்டுத்தொகை அறியாது. வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் பதினொன்றால் சரிபார்க்க வேண்டும். 641-க்கு 3, 6700417-க்கு 9. பெருக்கினால் 27, பதினொன்றால் வகுக்க மீதி 5. 4294967297-க்கு −17 வரும்; அதோடு 22-ஐக் கூட்டினால் அதே 5. சுழியம் ஒன்று குறைந்து 670417 என்று அச்சாகியிருந்தால் 9 வர வேண்டிய இடத்தில் 11 வந்து, மீதி 0 ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்